மெக்கானிக்கல் மேற்படிப்பு: எம்.எஸ்.ஸா, எம்.டெக்.கா, பணத்துக்கு என்ன வழி?

டெல்டா_மெக்கானிக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஊர். மெக்கானிக்கல் கடைசி வருஷம் ஆரம்பிக்கப் போகுது, சிஜிபிஏ 8.4. தெர்மல், ஃப்ளூயிட் ரெண்டும் பிடிக்கும், சி.எஃப்.டி. (திரவ, வாயு ஓட்டத்தைக் கணினியில கணக்கிடுறது) கொஞ்சம் பழகியிருக்கேன். அமெரிக்காவுல எம்.எஸ். படிக்கணும்னு ஆசை. ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். ரெண்டு வருஷத்துக்கு 40 லட்சம் ஆகும், லோன் நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றோம், போய் இறங்கினதும் ஆர்.ஏ. (பேராசிரியர்கிட்ட சம்பளத்தோட ஆய்வு உதவியாளர் வேலை) கிடைச்சிடும், முதல் செமஸ்டர் மட்டும்தான் கைக்காசுன்னாங்க. அப்பாவுக்கு விவசாயம், நாலு ஏக்கர் நஞ்சை. "நிலத்தை வச்சுக்கலாம், நீ படி"ங்கிறார். எனக்குத்தான் வயித்தைக் கலக்குது. கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போனா மாசாமாசம் ஸ்டைபண்ட் வரும்னு ஒரு சீனியர் சொல்றார். ஜெர்மனின்னா ஃபீஸே கிடையாதுன்னு இன்னொருத்தர். விவரம் தெரிஞ்ச அண்ணன், அக்காங்க யாராவது சொல்லுங்க.

ஆஸ்டின்வாசி:

தம்பி, அந்த "இறங்கினதும் ஆர்.ஏ." கதையை முதல்ல தூக்கி ஓரமா வைங்க. பத்து வருஷமா இதே வசனத்தைத்தான் ஒவ்வொரு பேட்ச்கிட்டயும் சொல்லி அனுப்புறாங்க.

ஆர்.ஏ. பணம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். பேராசிரியர் நடுவண் அரசு நிறுவனத்துலயோ கம்பெனியிலயோ ஆய்வு நிதி வாங்கியிருப்பார். அதுலேர்ந்து ஒரு மாணவருக்குச் சம்பளம், டியூஷன் (பல்கலையோட படிப்புக் கட்டணம்), மருத்துவக் காப்பீடு மூணையும் கட்டணும். அவ்வளவு செலவு பண்ணி எடுக்கிற ஆள் சோதனைக் கருவியைக் கையாளக் கத்துக்கவே ஒரு வருஷம் ஆகும். எம்.எஸ். ஆள் அந்தச் சமயத்துல இன்டர்ன்ஷிப் தேடிக்கிட்டிருப்பான், அடுத்த வருஷம் கிளம்பிடுவான். பிஎச்.டி. ஆள் நாலஞ்சு வருஷம் இருப்பான். நீங்க பேராசிரியரா இருந்தா யாருக்குக் கொடுப்பீங்க? டி.ஏ.வும் (கற்பித்தல் உதவியாளர் வேலை) பெரும்பாலான துறைகள்ல பிஎச்.டி.க்குப் போகத்தான் மிச்சம். எம்.எஸ். பிள்ளைங்களுக்குக் கிடைக்கிறது கிரேடர் (விடைத்தாள் திருத்துற) வேலை, நூலகம், மெஸ். அதுவும் எஃப்-1 மாணவர் விசாவுல செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான், வளாகத்துக்குள்ள மட்டும்தான். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கைகொடுக்கும். டியூஷனை அது தொடாது.

ஆனா பிஎச்.டி.க்கு எம்.எஸ். முடிச்சிருக்கணும்னு நம்ம ஊர்ல நினைக்கிறாங்க. இங்க பல பொறியியல் துறைகள்ல பி.இ. முடிச்சதும் நேரா விண்ணப்பிக்கலாம். டியூஷன் தள்ளுபடி, மாதச் சம்பளம், காப்பீடு எல்லாம் சேர்த்தே அனுமதிக் கடிதம் வரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. 2025ல ஆய்வு நிதி வெட்டு வந்ததும் பல துறைகள் பிஎச்.டி. இடங்களைக் குறைச்சிடுச்சு. முன்ன மாதிரி எட்டு இடத்துக்குப் போட்டா ரெண்டு விழும்னு கணக்குப் போட முடியாது.

இன்னொரு வழியைச் சொல்றேன், கன்சல்டன்சிக்காரங்க சொல்ல மாட்டாங்க. டெக்சஸ் அரசுப் பல்கலைகள்ல, போட்டி அடிப்படையில குறைஞ்சது 1,000 டாலர் உதவித்தொகை கிடைச்சா, வெளிநாட்டு மாணவருக்கும் உள்ளூர்க்காரங்க டியூஷனே போடலாம்னு மாநிலச் சட்டம் இடம் கொடுக்குது. உதவித்தொகை என்னவோ ஆயிரம்தான், மிச்சமாகிறது பல மடங்கு. எல்லாத் துறையும் கொடுக்காது, எண்ணிக்கையும் குறைவு. கேட்டுப் பார்க்கக் காசா பணமா, ஒரு மின்னஞ்சல்தானே.

கிளைமேலாளர்_ஓய்வு:

தம்பி, நான் அரசு வங்கியில் கல்விக் கடன் பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பா மனசு பெரிது. ஆனால் அந்த நிலத்தை வங்கி வாங்காது.

ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலான வங்கிகள் சொத்து ஈடு கேட்கும். கொண்டுவரும் சொத்து விவசாய நிலமாக இருந்தால், கடன் வராக்கடன் ஆனபோது வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டை விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் அதை ஏலம் விட முடியாது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. அதனால் பட்டாவில் நஞ்சை என்று இருந்தாலே எங்கள் பேனல் வக்கீல் ஃபைலை மூடித் திருப்பி அனுப்பிவிடுவார். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, சிட்டா, அடங்கல் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு மாரோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்த வேலையில் கொடுமையான பகுதி.

அப்படியானால் கன்சல்டன்சி "ஏற்பாடு" செய்யும் லோன் என்ன? ஈடு இல்லாத தனியார் நிதி நிறுவனக் கடன். வட்டி அரசு வங்கியைவிடக் கூடுதல். பல நிறுவனங்களில் முதல் மாதத்திலிருந்தே வட்டியில் ஒரு பகுதி கட்ட வேண்டும். இணை விண்ணப்பதாரருக்கு வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, உங்கள் அப்பா கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார். பிறகு மாமா, சித்தப்பா என்று சம்பளக்காரர் ஒருவரைத் தேடிக் கையெழுத்து வாங்கச் சொல்வார்கள். அந்தக் கையெழுத்து வெறும் சாட்சி இல்லை. கடன் அவர் சிபில் கணக்கிலும் ஏறும், நாளைக்கு அவர் வீட்டுக்கடன் கேட்டால் இது குறுக்கே நிற்கும்.

விதிவிலக்கு ஒன்று. சில அரசு வங்கிகள் பெரிய வெளிநாட்டுப் பல்கலைகளின் பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் இடம் கிடைத்தால் ஈடு இல்லாமலே பெரிய தொகை தருவார்கள். எங்கே படிக்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன்பே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

டெல்டா_மெக்கானிக்கல்:

ரொம்ப நன்றி சார். அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அப்ப வித்துடலாமா"ன்னு கேக்குறார். 40 லட்சம் கடன்னா மாசம் எவ்வளவு கட்டணும்னு யாராவது சொல்ல முடியுமா? நெட்ல ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க.

கிளைமேலாளர்_ஓய்வு:

விற்கிற பேச்சே வேண்டாம்.

10.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். நான்கு செமஸ்டருக்கு, செமஸ்டருக்கு 10 லட்சமாக வங்கி பணத்தை விடுவிக்கிறது. படிப்பு இரண்டு வருடம், முடிந்த பிறகு ஒரு வருடம் அவகாசம், ஆக மூன்று வருடம் தவணை இல்லை. தவணைதான் இல்லையே தவிர வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலும் முதல் 10 லட்சத்துக்கு 36 மாதம், அடுத்ததுக்கு 30, பிறகு 24, கடைசிக்கு 18. மொத்தம் 9.45 லட்சம் வட்டி சேரும். தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 49.45 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 66,700 ரூபாய்.

அந்த மூன்று வருடமும் வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் அசல் 40 லட்சத்திலேயே நிற்கும், தவணை சுமார் 54,000. இப்படிக் கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டிச் சலுகையும் பல வங்கிகளில் உண்டு. ஆனால் கடைசி வருடம் வட்டி மட்டும் மாதம் 35,000 வரும். ஒரு விவசாயக் குடும்பம் எங்கே போகும்?

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு என்று சொல்லி விற்பார்கள். எட்டு வருடத்துக்கு உண்மைதான். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான் அதுவும்.

கடன்முடிச்சவன்:

ஏன் சார் பையனைப் பயமுறுத்துறீங்க? நானும் லோன்லதான் போனேன், மெக்கானிக்கல்தான், ஆர்.ஏ., டி.ஏ. எதுவும் கிடைக்கல. பத்து வருஷக் கடனை நாலு வருஷத்துல முடிச்சேன். மாசம் 66,700ங்கிறது ரூபாய்க் கணக்கு. டாலர்ல சம்பாதிச்சா ஷேரிங் ரூம்ல இருந்து அடைச்சிடலாம். மூணு வருஷம் ஓ.பி.டி. (படிப்பு முடிஞ்சதும் மாணவர் விசாவுலயே வேலை பார்க்கிற அனுமதி) இருக்கு. இங்கேயே இருந்து 25,000 சம்பளத்துல வாழ்நாள் முழுக்கக் கிடக்கிறதுக்கு இது ரிஸ்க்னா ரிஸ்க்தான். ரிஸ்க் எடுக்காம எவன் மேல வந்தான்?

ஆஸ்டின்வாசி:

நீங்க அடைச்சீங்க, சந்தோஷம். எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தீங்கன்னும் சொன்னா நல்லது. ஓ.பி.டி. முதல்ல 12 மாசம்தான். மீதி 24 மாசம் தகுதியுள்ள துறையில, இ-வெரிஃபை (ஊழியரோட வேலை அனுமதியைச் சரிபார்க்கிற அரசு முறை) பதிவுள்ள கம்பெனியில வேலை இருந்தா கிடைக்கிற நீட்டிப்பு. முதல் 12 மாசத்துல 90 நாளுக்கு மேல வேலை இல்லாம இருந்தா விசா அந்தஸ்தே போயிடும். மெக்கானிக்கல்ல விண்வெளி, பாதுகாப்புத் துறைக் கம்பெனிகள் பலதும் குடியுரிமை இல்லாட்டி விண்ணப்பத்தைப் படிக்கவே மாட்டாங்க. கம்ப்யூட்டர் சயன்ஸ் பசங்க கதையை மெக்கானிக்கலுக்கு ஒட்டாதீங்க.

கடன்முடிச்சவன்:

2017. சரி, அப்ப சந்தை வேற, ஒத்துக்கிறேன். ஆனா "போகாதே"ன்னு சொல்றதும் ஒரு பக்கக் கதைதான். 40 லட்சம் ஆகிற தனியார் பல்கலையை விட்டுட்டு, செலவு குறைஞ்ச மாநிலப் பல்கலையா பார்த்துப் போற பசங்க இன்னமும் இருக்காங்க.

எம்டெக்_அக்கா:

தம்பி, நான் ஒரு என்.ஐ.டி.யில் தெர்மல் எம்.டெக். முடித்தவள். அமெரிக்கா, ஜெர்மனி எல்லாம் அப்புறம். கேட் எழுதுவதற்கு உங்களுக்கு எந்தத் தடையும் இல்லையே. விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

ஸ்டைபண்ட் மாதம் 12,400 ரூபாய், 24 மாதம். மொத்தம் 2,97,600. நான் படித்தபோது டியூஷன், விடுதி, மெஸ் எல்லாம் போக வீட்டில் கை நீட்டவில்லை, அவ்வளவுதான். மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல வருடமாக இந்தத் தொகை ஏறவே இல்லை, மெஸ் பில் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் எம்.இ. சேர மாநில நுழைவுத் தேர்வு போதும். ஆனால் அதில் மட்டும் சேர்ந்தால் இந்த 12,400 கிடையாது, கேட் மதிப்பெண் வேண்டும். ஒரே வகுப்பில், ஒரே ஆய்வகத்தில், பக்கத்து பெஞ்சுக்காரி ஸ்டைபண்ட் வாங்குவாள், நீங்கள் ஃபீஸ் கட்டுவீர்கள். தனியார் கல்லூரியாக இருந்தாலும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம்) அங்கீகாரமும் கேட் மதிப்பெண்ணும் இருந்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மாதாமாதம் கல்லூரி போர்ட்டலில் உங்கள் பெயரை உறுதி செய்தால்தான் பணம் ஆதார் இணைத்த கணக்குக்கு வரும். சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியில் போன வருடம் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அலுவலகத்தில் கேட்காதீர்கள், இரண்டாம் வருட மாணவர்களைக் கேளுங்கள். நிஜம் அங்கேதான் கிடைக்கும்.

உங்களுக்கு ஆய்வில் நாட்டம் இருந்தால் எம்.டெக்.கைவிட சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.எஸ். பாருங்கள். பெயர்தான் எம்.எஸ்., ஆய்வுப் படிப்பு. பாடம் குறைவு, ஆய்வகம் அதிகம், உதவித்தொகை உண்டு. நன்றாகப் போனால் அங்கேயே பிஎச்.டி.க்கு மாறலாம். பிஎச்.டி. உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 70,000இல் தொடங்கி 80,000 வரை போகும், ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு மானியம் தனி. அதற்குப் போட்டி கடுமை.

கொழுக்கட்டை:

ஜெர்மனி ஆஹன்ல இருந்து வணக்கம். இங்க இன்னும் மழைதான்.

ஜெர்மனியில ஃபீஸ் இல்லங்கிறது முக்கால்வாசி உண்மை. அரசுப் பல்கலைகள்ல டியூஷன் இல்ல, செமஸ்டர் கட்டணம்னு சில நூறு யூரோ வரும். ஆனா பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பாவுக்கு வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ ரெண்டும் அங்கதான், மெக்கானிக்கல்காரங்க விழுந்தடிச்சு விண்ணப்பிக்கிறதும் அங்கதான். மியூனிக் டெக்னிகல் பல்கலையும் 2024 குளிர்காலத்துலேர்ந்து நம்மகிட்ட வாங்குது. மாஸ்டர்ஸ்னா பெரும்பாலும் செமஸ்டருக்கு 4,000 இல்லாட்டி 6,000 யூரோ.

அதுக்கும் முன்னாடி விசாவுக்கு முடக்கக் கணக்குல 11,904 யூரோ காட்டணும். இது ஃபீஸ் இல்ல, உங்க சாப்பாட்டுக் காசு. மாசம் 992 யூரோன்னு உங்களுக்கே திரும்ப வரும். ஆனா மொத்தமா முதல்ல போட்டாகணும். ஏ.பி.எஸ். (நம்ம படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுக்கிற) சான்றிதழ் தனி. ஆக, 40 லட்சம் இல்ல, ஆனா முதல் நாளே பன்னிரண்டு லட்சத்துக்கு மேல புரட்டணும். இந்த அளவுக் கடன்னா சின்ன வீட்டு மனையே ஈடுக்குப் போதும்.

இங்க நான் நம்புறது ஹீவி வேலையைத்தான், அதாவது ஆய்வகத்துல மாணவர் உதவியாளர். எங்க இன்ஸ்டிட்யூட்ல ஆறு பேர் இருக்கோம். பாதி நேரம் தெர்மோகப்பிள் ஒட்டுறது, மீதி நேரம் முனைவர் மாணவரோட கணினிக்கோப்பைச் சுத்தம் பண்றது. அலங்காரமான வேலை இல்ல, மாசச் செலவுல பாதி வந்துடும். ஆனா ஜெர்மன் தெரியாம கம்பெனி வேலை தேடினா நாக்கு தள்ளிடும். பி1 (இடைநிலை) வரைக்கும் ஊர்லயே படிச்சுட்டு வாங்க. கன்சல்டன்சிக்குக் கொடுக்கிற காசை ஜெர்மன் வகுப்புக்குக் கொடுங்க.

எராஸ்மஸ் முண்டுஸும் பாருங்க, ஐரோப்பிய ஒன்றியத்தோட மாஸ்டர்ஸ் உதவித்தொகை. மாசம் 1,400 யூரோ, டியூஷனும் இல்ல. வருஷா வருஷம் நிறைய இந்தியப் பிள்ளைங்க வாங்குறாங்க. நம்ம பக்கத்துக் கல்லூரிகள்ல இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம முடிச்சிடுறாங்க.

பேராதனைப்_பொறியாளன்:

இலங்கையில இருந்து வாசிக்கிறன். எங்கட பக்கம் இந்த நாப்பது லட்சக் கடன் எம்.எஸ். கதை குறைவு. காசு இருந்தாத்தானே. பேராதனை, மொறட்டுவையில முடிக்கிறவை, ஒரு வருசம் துறையிலயே தற்காலிக விரிவுரையாளரா நிண்டுகொண்டு ஜிஆர்இ (அமெரிக்க மேற்படிப்புக்கான தேர்வு) எழுதி, நேரா அமெரிக்காவுக்குப் பிஎச்டிக்குத்தான் போடுறவை. முன்னம் போன அண்ணாமார் தங்கட பேராசிரியரிட்டச் சொல்லி விடுவினம். அப்பிடி ஒரு ஆய்வுகூடத்திலயே வரிசையா எங்கட ஆக்கள் இருப்பினம். தம்பி, உங்கட கல்லூரியில முடிச்சுப் போன ஆக்கள் எங்க இருக்கினம் எண்டு முதல்ல தேடிப் பாருங்கோ.

கடன்முடிச்சவன்:

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, யாரும் வெளிப்படையா சொல்றதில்ல. பிஎச்.டி.ன்னு விண்ணப்பிச்சு, காசோட சேர்ந்து, ரெண்டு வருஷத்துல எம்.எஸ். வாங்கிட்டுக் கிளம்பிடலாம். கடன் பைசா கிடையாது. சட்டப்படி தப்பும் இல்ல.

ஆஸ்டின்வாசி:

சட்டப்படி தப்பில்ல, சரி. ஆனா ஒரு பேராசிரியர் தன் நிதியைப் போட்டு உங்களை எடுத்துட்டு, ரெண்டு வருஷத்துல நீங்க நழுவினா, அடுத்து அதே கல்லூரிப் பேரோட வர்ற விண்ணப்பத்தை அவர் எப்படிப் பார்ப்பார்? மேல பேராதனை நண்பர் சொன்ன அந்த வரிசை இப்படித்தான் அறுபடும். நிஜமாவே பிடிக்காம, உடம்புக்கு முடியாம விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க, அது வேற. திட்டம் போட்டே போறது எனக்கு ஒப்பல.

பணக் கணக்காப் பார்த்தாலும் லேசில்ல. தகுதித் தேர்வு, ஆய்வு, டி.ஏ. மூணும் ஒரே நேரத்துல கழுத்தைப் பிடிக்கும். வேலை தேட நேரமே இருக்காது.

பிஎச்.டி. போறவங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. சம்பளத்துக்கு வரி உண்டு, டியூஷன் தள்ளுபடிக்குப் பொதுவா இல்ல. இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தம் 21ஆம் பிரிவுப்படி நிலையான கழிவு கிடைக்கும். வேற நாட்டுப் பிள்ளைங்க பலருக்கு இது இல்ல. முதல் வருஷம் இது தெரியாம விடுறவங்க நிறைய.

நத்தம்பட்டா:

யாரும் சமூகநீதித் திட்டங்களைப் பற்றிப் பேசவில்லை. எஸ்.சி. மாணவர்கள், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் பிள்ளைகள் ஆகியோருக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், நாடு முழுக்க 125 இடம். இது கடன் இல்லை. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையிலும் வெளிநாட்டுப் படிப்புக்குத் தனித் திட்டம் உண்டு. சிறுபான்மையினருக்கு இருந்த வட்டி மானியத் திட்டத்தை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்திவிட்டது, பழைய வீடியோவைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

உள்நாட்டில் படித்தால், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத் தொழிற்படிப்புக் கடனில் 10 லட்சம் வரை, படிக்கும் காலத்து வட்டியை ஒன்றிய அரசே கட்டும். தாசில்தார் தரும் வருமானச் சான்று வேண்டும். ஆடி மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே எழுதிப் போடுங்கள், அட்மிஷன் நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.

ஜே.என்.டாட்டா அறக்கட்டளை 1892இலிருந்தே வெளிநாட்டுப் படிப்புக்குக் கொடுக்கிறது. அது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டும். ஆனாலும் விண்ணப்பியுங்கள்.

டெல்டா_மெக்கானிக்கல்:

எல்லாருக்கும் நன்றி. அப்பா, அம்மா, மாமா எல்லாரையும் உட்கார வச்சுப் பேசினேன். நிலத்தைத் தொடறதில்லன்னு முடிவு. கேட்டுக்கு இன்னிக்கே படிக்க ஆரம்பிக்கிறேன். டிசம்பர்ல ஒண்ணு ரெண்டு பிஎச்.டி. விண்ணப்பமும் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன், காலேஜ்ல முடிச்ச ரெண்டு பேருக்கு மெயில் அனுப்பியாச்சு. ஒரே ஒரு சந்தேகம். கேட்ல மார்க் வந்தும் நல்ல இடத்துல சீட் கிடைக்கலன்னா ஒரு வருஷம் வீட்ல சும்மா இருக்கணுமா?

எம்டெக்_அக்கா:

எதற்குச் சும்மா இருக்க வேண்டும்? ஐ.ஐ.டி., என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்களில் ப்ராஜெக்ட் அசோசியேட் எடுப்பார்கள். விளம்பரம் துறையின் இணையப் பக்கத்தில்தான் வரும், செய்தித்தாளில் வராது. 2023இல் திருத்திய விகிதப்படி கேட் தகுதி இருந்தால் மாதம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. தகுதி இல்லாவிட்டால் 30,000. திட்டத்தின் பட்ஜெட்டில் எந்த விகிதம் இருக்கிறது என்று நேர்முகத்தில் கேட்டுவிடுங்கள், பழைய திட்டங்களில் பழைய விகிதமே ஓடும். ஒரு வருடம் அங்கே இருந்தால் சி.எஃப்.டி. கை பழகிவிடும், பரிந்துரைக் கடிதமும் தெரிந்த பேராசிரியரிடமிருந்தே வரும். கேட் மதிப்பெண்ணும் அடுத்த வருடத்துக்குச் செல்லும்.

வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறீர்களா என்று மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.